மூன்றாம் மாடிக் காது

இன்றைக்கு அது எல்லாவற்றையும் சொல்லிவிடும். படியேறும்போதே அவள் அப்படித்தான் நினைத்தாள். அவள் வீட்டு வாசலுக்கு எதிர்ச்சுவரில் சாம்பல் நிறப் பெட்டி சிவப்பாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதைத் திறந்து பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன் அதன் கீழே ஏணியைச் சாத்திவிட்டார். படிக்கட்டு முழுக்கக் குடித்தனக்காரர்கள்.

எட்டு மாதமாகக் கட்டடமே அந்தப் பெட்டிக்குப் பயந்து நடமாடியது. யார் மாட்டியது என்று யாருக்கும் தெரியாது. அதனாலேயே ஆளாளுக்குத் தெரிந்திருந்தது. அரசாங்கம் என்றார்கள், அயல்நாடு என்றார்கள். அது மனதில் நினைப்பதையே உறிஞ்சிவிடும் என்பது நாலாம் மாடித் தையற்காரரின் கட்சி. அதைக் கடக்கும்போதெல்லாம் பதினாறாம் வாய்ப்பாட்டை மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டே போவார். உறிஞ்சுகிறவர்களுக்கு அது மட்டும் கிடைக்கட்டுமாம்.

இரண்டாம் மாடி டீச்சரம்மா வேறு ரகம். தினமும் காலையில் பெட்டியின் முன் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, சாக்கடை அடைப்பைப் பற்றி நிதானமாகப் புகார் சொல்வார். எந்த அலுவலகத்திலும் நின்று கேட்க ஆளில்லாத புகார் அது. ஒட்டுக் கேட்கிறவனாவது கேட்கிறானே என்று அவருக்கு ஒரு நிம்மதி.

ஆனால் எல்லோரையும்விடப் பெரிய பயம் அவள் கணவருக்குத்தான். பஸ் ஓட்டுகிறவர், கட்டடத்தில் அவருக்கு 'ஹாரன்' என்று பெயர். சட்டையில் ஒரு பொத்தான் அறுந்திருந்தால் போதும், மூன்று மாடிக்குக் கேட்கும். கூடவே ஒரு தட்டும் பறக்கும். அப்படிப்பட்டவர், பெட்டி வந்த மறுநாளிலிருந்து வாசல் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தபடி, "கொஞ்சம் தண்ணி தர்றியாம்மா" என்று கேட்க ஆரம்பித்தார். வீட்டில் ஆறு தட்டும் ஆறாகவே இருந்தன.

மாட்டியது அவள்தான்.

பொம்மைக் கடையில் பொட்டலம் கட்டுகிறவள். வெளியாள் காது பக்கத்தில் இருந்தால் மட்டும் கணவருக்குக் குரல் தாழ்கிறது என்பதை, மீட்டர் பார்க்க ஆள் வந்த ஒரு நாளில் கவனித்தாள். நிரந்தரமாக ஒரு காது வைத்துவிட்டால் என்ன? உடைந்துபோன பொம்மைத் தீயணைப்பு வண்டியின் விளக்கு, ஒரு காலிப் பெட்டி, இரண்டு பேட்டரி. அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து ஸ்டூல் போட்டு ஏறி மாட்டிவிட்டாள்.

அப்புறம் அதைத் தொடும் தைரியம் வரவில்லை. அந்த ஒரு ஜோடி பேட்டரி இத்தனை நாள் தாங்குகிறதே என்று, அதைச் செய்த கம்பெனிக்காரரை அவ்வப்போது மனதுக்குள் வாழ்த்திக்கொள்வாள். கணவர் பேசும் நல்ல வார்த்தையெல்லாம் பெட்டிக்குத்தான், தனக்கில்லை என்பது மட்டும் சில சமயம் முள்ளாகக் குத்தும். குத்தினால் குத்தட்டும் என்று விட்டுவிட்டாள்.

இப்போது எலெக்ட்ரீஷியன் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார்.

"காலிப் பெட்டிங்க. பொம்மை லைட்டு ஒண்ணு, பேட்டரி ரெண்டு. அவ்வளவுதான்."

படிக்கட்டில் எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். காக்கிச் சட்டையோடு வாசலில் நின்ற கணவரின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் அவருடைய செருப்பைப் பார்த்தாள்.

தையற்காரர்தான் முதலில் சுதாரித்தார். "அப்ப நேத்தே உருவிட்டுப் போயிட்டாங்க. நாம ஆள் கூப்பிடப் போறது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"எப்படிங்க தெரியும்?" என்றார் எலெக்ட்ரீஷியன்.

"இது முன்னாடி நின்னுதானே பேசினோம்."

இதற்கு மேல் யாருக்கு என்ன ஆதாரம் வேண்டும்? காலியாக இருப்பதே பெரிய அத்தாட்சி என்று ஆகிவிட்டது. உள்ளே இருந்தது சுவருக்குள் இறங்கியிருக்கலாம் என்று யாரோ சொல்ல, டீச்சரம்மா சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, சாக்கடை விஷயத்தை அதனிடமும் ஒரு தரம் சொல்லி வைத்தார். இந்த எலெக்ட்ரீஷியனையே யார் அனுப்பினார்களோ என்ற பேச்சும் கிளம்பியது. அவர் அவசரமாக மூடியைத் திரும்பப் பொருத்திவிட்டு, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்ததைவிட வேகமாக இறங்கிப் போனார்.

கட்டடம் நம்பினால் நம்பிக்கொண்டு போகட்டும். கணவர் நம்பமாட்டார். பேட்டரி வரைக்கும் கண்ணால் பார்த்தாயிற்று. அவள் சமையலறைக்குள் போய், ஆறு தட்டையும் ஓசைப்படாமல் எடுத்து அலமாரியின் உள்தட்டில் வைத்தாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தோள்களைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். பழைய குரல் இல்லை. வாசல் பக்கம் திரும்பவும் இல்லை. அவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

"நீ மாட்டினதைக் கழட்டிடலாம்மா," என்றார், முழங்காலை நீவிக்கொண்டே. "மாசாமாசம் ஸ்டூல் போட்டு ஏறிப் பேட்டரி மாத்த, இந்த முட்டி இனிமே ஒத்துழைக்காது."

அவள் அந்த முழங்காலைப் பார்த்தபடியே தம்ளரில் தண்ணீர் மொண்டாள். பிறகு தம்ளரை அவர் கையில் கொடுத்தாள்.

"வேண்டாங்க. இனிமே நான் ஏறுறேன்."