பேனரில் தாய்மாமன்

"தம்பி, பேனரு இன்னைக்கே வேணும். ஆறு மணி பஸ்ஸுக்கு நான் தூக்கிட்டுப் போயிறணும்!"

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முனியசாமி கத்தினார். மிளகாய்க் காட்டிலிருந்து நேரே வந்திருப்பார் போல. அவர் சட்டையில் இருந்த நெடிக்குப் பாண்டீஸ்வரன் இரண்டு தடவை தும்மினான்.

கடலாடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பாண்டீஸ்வரனின் பிளக்ஸ் கடை. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று சுற்றுவட்டாரத்து முகங்கள் எல்லாம் அவன் கம்ப்யூட்டருக்குள் இருந்தன.

"என்ன விசேஷம்ணே?"

"மக ஜோதிகாவுக்குக் காலேஜுல சீட்டுக் கெடச்சிருச்சு! பரமக்குடியில, பி.எஸ்சி. கணக்கு. எங்க ஊர்ல காலேஜுக்குப் போற மொதப் பொம்பளப் பிள்ளை தம்பி!"

பாண்டீஸ்வரன் சிரித்துவிட்டான். "சீட்டுக் கெடச்சதுக்கே பேனரா? பாஸ் பண்ணுனா என்ன செய்வீக?"

"அப்ப இதவிடப் பெருசா அடிக்க வாரேன்!"

"அண்ணே, நான் பி.இ. மெக்கானிக்கல். நாலு வருசம் விழுந்து விழுந்து படிச்சேன். இப்ப என்ன செய்றேன்? காதுகுத்துக்குப் பூ டிசைன் போடுறேன். பன்னெண்டாவதோட இந்த மிஷினை வாங்கிப் போட்டிருந்தா இந்நேரம் மாடி கட்டியிருப்பேன். காலேஜெல்லாம் வேஸ்ட்டுண்ணே. அதுலயும் பொம்பளப் பிள்ளையப் படிக்க வச்சு என்னத்த ஆகப்போகுது?"

கடை போர்டில்கூடப் பட்டத்தைப் போடாதவன் அவன். யாராவது பேருக்குப் பின்னால் பி.இ. போடச் சொன்னால், போட்டுக்கொண்டே மூக்கால் சிரிப்பான்.

"அது கெடக்கட்டும். மொதல்ல வேலைய ஆரம்பிங்க தம்பி" என்று முனியசாமி நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

ஜோதிகாவின் பள்ளிக்கூட போட்டோ திரையில் வந்தது. இரட்டைச் சடை, கொஞ்சம் முறைப்பு.

"பட்டம் வாங்குற கறுப்பு அங்கிய மாட்டி விடவாண்ணே? ரெடியா இருக்கு."

"வேணாம். அத மூணு வருசங் கழிச்சு அவளே போட்டுக்கிருவா."

"உங்க போட்டோ?"

"என் மூஞ்சி எதுக்கு? அவ தாய்மாமன் முனீஸ்வரன் போட்டோவப் போடுங்க. போன மாசியில ஒரு காதுகுத்துக்கு அவரு படம் போட்ட பேனர நீங்கதான அடிச்சுக் குடுத்தீக."

தேடியதும் கிடைத்தது. வெள்ளைச் சட்டை, கழுத்தில் செயின், காதில் செல்போன்.

"பெருசாக்குங்க" என்றார் முனியசாமி.

ஆக்கினான்.

"இன்னும்."

ஆக்கினான்.

"இன்னுங் கொஞ்சம் தம்பி."

தாய்மாமன் பாதிப் பேனரை அடைத்துக்கொண்டார். ஜோதிகா அவர் முழங்கைக்குக் கீழே ஒதுங்கினாள்.

பாண்டீஸ்வரனுக்கு எரிச்சல் வந்தது. காதுகுத்து என்றால் தாய்மாமன் படம் பெரிதாக இருக்கும், மடியில் உட்கார வைப்பவர் அவர்தான். பரீட்சையையும் அவரா எழுதினார்? பணக்கார மச்சினனைக் காக்கா பிடிக்க இந்த ஆளுக்கு மகளின் படிப்புதான் கிடைத்ததா?

"எழுதுங்க தம்பி. 'எனது மருமகளைக் கல்லூரிக்கு அனுப்பிப் பெருமைப்படும் தாய்மாமன் முனீஸ்வரன்.' நல்லா கொட்டை எழுத்துல!"

"அவரா அனுப்புறாரு?"

"எழுதுங்கன்னா எழுதுங்க. அந்த வழுக்கைய மட்டும் கொஞ்சம் மறைச்சிருங்க."

"இத எங்க கட்டப் போறீக?"

"ஊரு விலக்குல, பஸ்ஸு நிக்கிற எடத்துல. காலையில எட்டரை வண்டியில அவரு வாராரு. எறங்குனதும் இதுதான் கண்ணுல படணும்."

பாண்டீஸ்வரனால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "ஏண்ணே, உங்க பிள்ளை படிச்சு வாங்குன சீட்டு. அவரு என்ன பெரிய கொம்பா? அவருக்கு எதுக்கு இந்தப் பயம் பயப்படுறீக?"

முனியசாமியின் குரல் அப்போதுதான் இறங்கியது.

"பயந்தான் தம்பி. நாளைக்கு அவரு சும்மா வரல. தட்டு, பூவு, பழத்தோட வாராரு, அவரு மகனுக்கு ஜோதிகாவப் பேசி முடிக்க. தாய்மாமன் பொண்ணு கேட்டா இல்லேன்னு சொல்லக்கூடாது, அது எங்கள்ல முறை. பிள்ளை படிக்கட்டும்னு நாலு மாசமாச் சொல்லிப் பாத்துட்டேன். 'காலேஜெல்லாம் வேஸ்ட்டு, பொம்பளப் பிள்ளையப் படிக்க வச்சு என்னத்த ஆகப்போகுது'ங்கிறாரு. நீங்க சொன்னீகள்ல, அதே வார்த்தைதான்."

பாண்டீஸ்வரனின் கை மவுஸில் அப்படியே நின்றுவிட்டது.

"வேஸ்ட்டாவே இருக்கட்டும் தம்பி. நீங்க போயிப் பாத்துட்டு வந்து சொல்றீக. அவளும் போயிப் பாத்துட்டு வந்து சொல்லட்டுமே."

அவர் திரையைத் தொட்டுக் காட்டினார். முகம் மறுபடியும் மலர்ந்துவிட்டது.

"காலையில அவரு எறங்குறப்ப, பஸ்ஸுல வந்த சனம் பூரா இதப் பாக்கும். தாய்மாமன்னா இவரல்லவா தாய்மாமன்னு அவரு கையப் பிடிச்சுக் குலுக்கும். அம்புட்டுப் பேருக்கு முன்னால அந்த மனுசன் எந்த வாயால எம்மகளப் படிக்க வேணாம்னு சொல்லுவாரு?"

பாண்டீஸ்வரன் பேனரின் அடியில் வழக்கமாகப் போடும் 'பாண்டி கிராபிக்ஸ்' என்பதை அழித்துவிட்டு, 'பாண்டீஸ்வரன், பி.இ.' என்று அடித்தான்.

பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டான்.

"அண்ணே, மாமா போட்டோ பத்தாது. இன்னுங் கொஞ்சம் பெருசாக்கிருவமா?"