ஐந்து மில்லிகிராம்

"அஞ்சு மில்லிகிராமா!"

பட்டு மாமி போட்ட சத்தத்தில், லேக் மார்க்கெட் மருந்துக் கடையில் நின்றிருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கீதாஞ்சலி திரும்பவில்லை. டாக்டர் சீட்டைக் கடைக்காரரிடம் நீட்டியபடியே நின்றாள்.

அந்தப் பெண் மாமியின் வீட்டு மாடிக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. கணவன் சாய் கிருஷ்ணாவுக்குச் சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கு மாற்றல். சின்னஞ்சிறுசுகள், கல்யாணமான புதுசு என்று மாமியே முடிவு கட்டிக்கொண்டாள். பாஷை தெரியாத ஊர் வேறு. கறிகாய் வாங்குவதிலிருந்து கேஸுக்குப் பதிவு செய்வது வரை எல்லாவற்றையும் யாரும் கேட்காமலேயே தன் தலையில் போட்டுக்கொண்டுவிட்டாள்.

சீட்டில் ஃபோலிக் ஆசிட் என்று இருந்ததும் மாமிக்கு உள்ளுக்குள் குளிர்ந்துதான் போயிற்று. குழந்தைக்கு ஆசைப்படுகிறவர்கள் முன்கூட்டியே சாப்பிடுகிற மாத்திரை ஆயிற்றே.

ஆனால் அளவு?

நியூ ஜெர்சியில் இருக்கும் மகள் லதா சாப்பிட்டது நாளைக்கு நானூறு மைக்ரோகிராம். பிரசவத்துக்குப் போயிருந்தபோது அந்த டப்பாவின் லேபிளை மாமி ஒரு வரி விடாமல் படித்திருக்கிறாள். ஐந்து மில்லிகிராம் என்றால் பன்னிரண்டரை மடங்கு. கணக்கில் மாமியை யாரும் அசைக்க முடியாது.

அவளுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் இந்த ஊரில் இந்தப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்?

இந்த ஊரில் முப்பது வருஷம் பேசிப் பழகிய வங்காள பாஷையில் கடைக்காரரை ஒரு பிடி பிடித்தாள். அவர் சின்ன மாத்திரையும் இருக்கிறது, பொதுவாக எல்லாரும் அதைத்தான் சாப்பிடுகிறார்கள் என்றார். இரண்டு அட்டைகளையும் கண்ணாடி மேல் வைத்தார்.

கீதாஞ்சலி பெரியதை எடுத்தாள். மாமி அதை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சின்னதை நகர்த்தினாள். கீதாஞ்சலி மறுபடியும் பெரியதையே எடுத்தாள்.

எதற்கெடுத்தாலும் "சரி மாமி" என்கிற பெண். மாமிக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் காட்டிக்கொள்ளாமல் தோளைத் தொட்டாள்.

"சொன்னாக் கேளுடி. சின்னதே போதும். நல்லபடியா உண்டாகி, உன் சீமந்தத்துக்கு நானே முன்னால நின்னு எல்லாம் பண்றேன் பாரு."

"சீமந்தம் ஆயிடுத்து மாமி."

மாமிக்குச் சட்டென்று விளங்கவில்லை. சீமந்தம் முதல் பிள்ளைக்கு மட்டும்தானே, ஒரே ஒரு தடவைதானே என்று மனசு போய் முட்டியபோது, கை தானாக அவள் தோளிலிருந்து இறங்கியது.

"போன வருஷம் மாம்பலத்துல பண்ணினா. பையன். முதுகுத்தண்டு மூடாமப் பொறந்தான். பத்தொன்பது நாள் இருந்தான். அப்படி ஆனவாளுக்கு அடுத்த தடவை சின்னது போதாதாம், இதுதான் வேணுமாம். டாக்டர் ரெண்டு தடவை சொன்னார்."

குரல் உடையவில்லை. டாக்டர் சீட்டைப் படித்துக் காட்டுகிற மாதிரி நிதானமாகத்தான் சொன்னாள்.

கடைக்காரர் எந்த அட்டை என்று புருவத்தை உயர்த்தினார். மாமி கவனிக்கவில்லை.

பத்தொன்பது நாள். அப்படியென்றால் பதினோராம் நாள் தாண்டியிருக்கிறது. தொட்டிலில் போட்டிருப்பார்கள். காதில் சொல்லியிருப்பார்கள்.

"என்ன பேர் வெச்சேள்?"

கீதாஞ்சலி நிமிர்ந்து பார்த்தாள். இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை போலிருந்தது. மெதுவாகச் சொன்னாள்.

மாமி அந்தப் பெயரைத் தானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அப்புறம்தான் கடைக்காரர் பக்கம் திரும்பி, பெரிய மாத்திரையையே மூன்று மாதத்துக்குக் கொடுக்கச் சொன்னாள்.