சும்மா இருந்தாலும் சுடுகிறது

இப்படி ஒருத்தன் எனக்கு வாய்த்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டே அனுராதா லேப்டாப்பைக் கவிழ்த்து, அடிப்பக்கத்து ஸ்க்ரூவைக் கழற்றினாள். மனதில் ஓடுவது முகத்தில் தெரியாமலிருக்கக் குனிந்து செய்கிற வேலை நல்லது.

எதிரே முக்காலியில் வேல்முருகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாமக்கல்லில் வேலை. காலையில் முதல் பஸ்ஸில் ஏறியவனுக்குக் மலையடிவாரக் காரவள்ளியில் தொடங்கிய கொண்டை ஊசி வளைவுகள் வயிற்றுக்குள் இன்னும் முடிந்தபாடில்லை. அப்படியும் மலை மேல் குண்டூர் நாட்டில் பெண் வீட்டுக்குப் போய், லேப்டாப்பை வாங்கிக்கொண்டு, நேராகச் செம்மேட்டிலிருக்கும் அனுராதாவின் கடைக்கு வந்திருக்கிறான்.

"பரிசத்தன்னைக்குப் பட்டுச்சேலையோட நான் வெச்சுக் குடுத்ததுங்க அக்கா. வாங்கி ரெண்டு மாசங்கூட ஆகல. தோசைக்கல்லாட்டம் கொதிக்குது. கொதிச்சு, அப்படியே நின்னு போகுது. திங்கக்கெழமை கோகிலவாணிக்கு ஆன்லைன் பரீட்சை. நடுவுல நின்னுச்சுன்னா ஒரு வருசம் போச்சுங்க."

"பொண்ணு வரலீங்களா?"

"நல்லாச் சொன்னீங்க. கல்யாணத்துக்கு முன்னால ஒண்ணா பஸ்ல வந்தா ஊரு வாய் சும்மா இருக்குமா?" என்று வெட்கப்பட்டான்.

அடிமூடி கழன்று வந்தது. மலையில் லேப்டாப்பைத் திறந்தால் முதலில் தும்மல்தான் வரும். மிளகு காய்கிற வாசலில் வைத்துப் படம் பார்ப்பார்கள். தூசியெல்லாம் உள்ளே போய் அடைந்துகொள்ளும். இதில் தும்மல் வரவில்லை. காற்றாடி புதிதாகப் பளபளத்தது.

"கடைசியா எப்ப நின்னுச்சு தம்பி?"

"நேத்துச் சாயங்காலங்க. காலேஜ் மேடத்துக்கு மெயில் அடிச்சிட்டிருந்தா. 'கல்யாணத்துக்கு அப்புறமும் கண்டிப்பா படிப்பேன்'னு அடிச்சா. அதை அழிச்சா. 'படிக்க முடியும்னு நெனைக்கறேன்'னு மறுபடி அடிச்சா. அத்தோட நின்னுருச்சு."

அனுராதாவுக்குள் எதுவோ மெல்லக் கிள்ளியது. அழித்த வரியைக்கூடச் சொல்லிக்கொள்ள ஓர் ஆள். மலை மேல் ஒருத்தி தயங்குவது மலைக்குக் கீழே ஒருவனுக்குத் தெரிகிறது. பரிசம் போட்டு இரண்டே மாதத்தில் இத்தனை நெருக்கம்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. கணவன் தரணிதரன்.

"அனு, எண்ணெய்ச் சட்டி எங்க?"

"அடுப்பு மேல."

"அட, ஆமா."

அவ்வளவுதான், வைத்துவிட்டான். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அவன் அவளிடம் கேட்டதெல்லாம் ஏதாவது ஒரு பொருள் எங்கே என்பதுதான். கடையில் அவள் லேப்டாப் விற்கிறாளா, ரிப்பேர் செய்கிறாளா என்பதே அவனுக்கு உறுதியாகத் தெரியாது.

"அண்ணனுங்களா?" என்றான் வேல்முருகன்.

"ஆமா. ரொம்ப அக்கறை" என்று சொல்லிவிட்டு அனுராதா சிரித்தாள்.

மூடியை மாட்டி லேப்டாப்பை ஓட விட்டாள். எதையும் திறக்கவில்லை, வெறும் திரைதான். ஆனாலும் உள்ளங்கைக்கு அடியில் சூடு ஏறிக்கொண்டே வந்தது. கடை நெட்டில் இணைத்ததும் காற்றாடி மேட்டில் ஏறும் லாரி போல இரைந்தது.

ஓய்வாக இருக்கும்போதே இப்படி மூச்சு வாங்குகிறதென்றால், இது ஓய்வாக இல்லை. உள்ளே என்னென்ன ஓடுகின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஏதோ பிரின்டருக்கு உரியது போன்ற சாதுவான பெயரில் ஒன்று ஒளிந்திருந்தது. அதைத் திறந்து பார்த்தாள்.

எப்படிச் சொல்வது? பாவம், இவ்வளவு ஆசையாக இருக்கிறவன்.

"தம்பி, மெஷின்ல கோளாறு இல்லீங்க. உள்ளுக்குள்ள ஒண்ணு ஒளிஞ்சு ஓடிட்டிருக்குது. அந்தப் புள்ள திரையில எதைப் பாத்தாலும், எதை அடிச்சாலும், விடாம படம் புடிச்சு யாருக்கோ அனுப்பிட்டே இருக்குது. மெயிலெல்லாம் அப்படியே போகுது. அதுதான் இந்தச் சூடு."

அவன் வயிற்றிலிருந்து கையை எடுத்தான்.

"யாரோ வேவு பாக்கறாங்க. நீங்க பயந்துக்காதீங்க. ஒரு நிமிசத்துல எடுத்துறலாம்."

வேல்முருகன் வாசலைப் பார்த்தான். வெளியே பஸ்ஸின் மேல் யாரோ பலாப்பழம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிறகு முக்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தணித்தான்.

"ஏனுங்க அக்கா, அதை எடுக்காம சூட்டை மட்டும் கொறைக்க முடியாதுங்களா?"

அனுராதாவின் விரல்கள் விசைப்பலகை மேல் நின்றன. 'அடிச்சா, அழிச்சா, மறுபடி அடிச்சா' என்று இவன் சொன்னது நினைவுக்கு வந்தது. அழித்த வரியை அந்தப் பெண் யாரிடமும் சொல்லியிருக்கவே மாட்டாள்.

எண்ணெய்ச் சட்டி எங்கே என்பதைத் தவிர எதையும் கேட்காத ஒருவனை நினைத்து ஒரு கணம் அவள் மனம் குளிர்ந்தது.

முடியும்தான். படம் பிடிக்கும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் போதும். லேப்டாப் பச்சைத் தண்ணீர் போல ஆகிவிடும். திங்கட்கிழமை பரீட்சை நடக்கும். கோகிலவாணி இவனுக்கு நன்றிகூடச் சொல்வாள்.

அனுராதா லேப்டாப்பை மூடினாள். அவனுக்கு எட்டாதபடி தனக்குப் பின்னாலிருந்த அலமாரியில் வைத்தாள்.

"முடியாதுங்க தம்பி. அந்தப் புள்ளைய வந்து வாங்கிக்கச் சொல்லுங்க."