நகத்துப் பிறை

"வெள்ளைக்காரியாக நடித்து வாழ்ந்த கறுப்பினத்தவளைக் கொன்றது யார்?" என்று கேட்டது புதுப்படத்தின் சுவரொட்டி. நியூ ஆர்லியன்ஸ் தியேட்டர் வாசலில் வெள்ளையர் வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது.

மேனேஜர் கீட்ரி டிக்கெட் கவுண்டருக்குள் தலையை நீட்டினார்.

"லூசில், நம்ம தியேட்டர்லயும் அப்படி ஒருத்தி வேலை பாக்குறாளாம். மொட்டைக் கடுதாசி வந்திருக்கு. தோல் எவ்வளவு வெளுப்பா இருந்தாலும், கறுப்பு ரத்தம்னா நகத்துப் பிறை நீலமா இருக்கும். எனக்கு அது போதும். நீயும் நகச்சாயத்தை அழிச்சுட்டு வா, பாப்போம்."

"சரிங்க சார்" என்றாள் லூசில். மாட்டுகிறவளுக்கு வேலை போவதோடு முடியாது, ஊரே துரத்தியடிக்கும்.

அந்த நேரம் பார்த்து ஒரு கறுப்பினக் கிழவர் வெள்ளையர் வரிசையை முந்திக்கொண்டு வந்து கவுண்டரில் கையை நீட்டினார்.

"பாப்பா, ஒரு டிக்கெட்."

"யாருடா உனக்குப் பாப்பா?" லூசில் சீறினாள். "உங்க ஜன்னல் சந்துல இருக்கு. போடா அங்கே!"

"தப்புதாங்க, அம்மணி." கிழவர் தொப்பியைக் கழற்றிக் குனிந்தார்.

வரிசை கைதட்டியது. கீட்ரி பூரித்துப்போனார்.

"அடேங்கப்பா! இந்த வெறுப்பெல்லாம் ரத்தத்துலயே வரணும். உனக்கு எதுக்கும்மா பரிசோதனை?"

இருபது வருஷமாகத் தன் கண்ணுக்கு எவளும் தப்பியதில்லை என்று பீற்றிக்கொள்ளும் அந்த மேதை, சோளப்பொரி விற்பவளின் விரல்களை ஆராயக் கிளம்பினார்.

கிழவர் தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"கடுதாசி விஷயம் காதுல விழுந்துச்சு, அதான் ஓடி வந்தேன். அப்பனை நல்லாவே திட்டினே, லூசி. இனிமே பயமில்லைன்னு உங்கம்மாகிட்ட சொல்லிடுறேன்."