அடி தெரியும் கண்ணாடி

பதுளையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில், காலை வெயில் ஒரு பேசின் தண்ணீரில் விழுந்து கண்ணைக் குத்துகிறது. தூண்டில் போடுகிறவர்களுக்குக் கடைக்காரப் பெண் கேஷானி கண்ணாடியை இப்படித்தான் காட்டுவாள். தன் சாவிக்கொத்தைத் தண்ணீருக்குள் போடுகிறாள். கண்ணாடி வாங்க வந்த மாணிக்கராஜ் குனிந்து பார்க்கிறார், வானம்தான் தெரிகிறது. அவருடைய பவருக்கு லென்ஸ் பூட்டிய, தண்ணீரின் பளபளப்பை வெட்டும் பழுப்புக் கண்ணாடியை எடுத்துக் கொடுக்கிறாள். மாட்டியதும் வானம் அழிகிறது. சாவியின் பற்கள், பேசின் அடியிலுள்ள கீறல், ஒற்றைத் தலைமயிர் எல்லாம் மேலே வருகின்றன. “கூசவே கூசாது அங்கிள். மீன் எங்க நிக்குதுனு தெளிவா தெரியும்.” அவர் நிமிரவில்லை. “எவ்வளவு ஆழம் வரைக்கும் தெரியும், மகள்?” “நீங்க எந்தக் கொளத்துக்குப் போறீங்க?” அவர் தங்கள் தேயிலைத் தோட்டத்துக் குளத்தைச் சொல்கிறார். போன வருஷ மழையில் அவர் மகன் றுஷாந்தன் மூழ்கி, உடல் கிடைக்காமலே போன குளம். ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் தூண்டிலோடு அங்கேதான் போய் உட்காருகிறார். அங்கே பிடிக்கும் மீனைத் தோட்டத்து லயத்து வீடுகளில் யாரும் சமைப்பதில்லை. பின்னால் நிற்கும் மனைவி மரியகொரட்டி கை நீட்டி, அவர் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றுகிறாள். பேசினை மறுபடி வானம் மூடிக்கொள்கிறது. “வெயிலுக்கு மட்டும் ஒண்ணு குடுங்க மகள்” என்கிறாள். “உள்ள ஒண்ணும் தெரிய வேணாம்.”