நிற்காத விமானத்தின் அழுக்கு

2003-இல், சிங்கப்பூரிலிருந்து துபாய் போகிற விமானம் கொச்சியில் கடைசியாக நின்ற அன்று, பாக்கியலக்ஷ்மியின் புருஷன் பிச்சை அதில் ஏறினான். இரண்டு வருஷமாகத் தகவலே இல்லை.

அந்த விமானத்தின் தலையணை உறைகளை கொச்சி மட்டாஞ்சேரியின் சலவைத்துறையில் வெளுத்தவள் அவள்தான். இப்போது அது கொச்சியில் இறங்காமல் நேரே போய்விடுகிறது. ஆனாலும் வெள்ளிதோறும் அவளுடைய துவைகல்லின் மேல் அழுக்கு உறைகள் மூட்டையாகக் கிடக்கின்றன.

“ஏர்போர்ட் வண்டி ஒண்ணும் வரலையே, சேச்சி,” என்பாள் பக்கத்துக் கல்லில் துவைக்கிற சுமா.

வெளுத்து வைத்தால் மறுநாள் மூட்டை இருக்காது.

போன வாரம் உறைகளுக்கிடையே ஒரு சட்டை வந்தது. காலரில், பிச்சையின் துணிகளுக்கு அவள் போடும் சிவப்பு நூல் குறி. துவைத்து, தேய்த்து, உறைகளோடு வைத்தாள்.

இந்த வெள்ளி சட்டை திரும்பி வந்தது. அக்குளில் வேர்வை ஈரம் இன்னும் காயவில்லை.