நாற்பத்தேழாம் நம்பர்

"பேரனுக்கா, பேத்திக்காம்மா?" என்று கேட்டான் பூவரசன்.

"வூட்டுக்கு" என்றாள் பச்சையம்மா.

கண்ணாடி மேசை மேல் இரண்டு பெட்டிகள் இருந்தன. இரண்டிலும் பெண்கள் கபடி லீக்கில் ஆடுகிறவர்களின் படம் போட்ட கார்டுகள். ஒன்று தங்க நிறத் தகர டப்பா, உள்ளே ஐந்தே கார்டு. மற்றது மெலிந்த அட்டைப் பெட்டி. பூவரசன் முதலாவதை பிரீமியம் என்றான், இரண்டாவதை சாதா என்றான்.

ஜமுனாமரத்தூர் சந்தையில் கருவாட்டுக்கும் கத்தரிக்காய்க்கும் நடுவே இப்படி ஒரு கடை முளைத்து ஒரு மாதம்தான் ஆகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மொய்க்கிற கடை. காலிப் புளிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி வந்து நின்றதில் அவனுக்கு உள்ளூரச் சிரிப்பு.

அவளுக்கு வேண்டியது நாற்பத்தேழாம் நம்பர் கார்டு. அது ஒன்றுதான். காலையில் போனில் வந்த சேதி அது. எந்தப் பெட்டி என்று கேட்பதற்குள் டவர் போய்விட்டது.

"ஒரு கார்டு வேணும் தம்பி. எதுல இருக்கும்?"

"யாரு கார்டு? பேரோ நம்பரோ சொல்லுங்கம்மா."

அதை மட்டும் சொல்ல மாட்டாள். பச்சையம்மா தேனெடுக்கிறவர் வீட்டில் பிறந்தவள். பாறையில் தேனடை தெரிந்தால் விரல் நீட்டிக் காட்டக் கூடாது. எந்த இடம் என்று வாய்விட்டுச் சொல்லவும் கூடாது. தேன் பானைக்கு வந்த பிறகுதான் பேச்சு. முன்னாலேயே சொன்னால் கை நழுவிப் போகும். அவள் அப்பாவும் அப்படித்தான், அண்ணன்களும் அப்படித்தான். கார்டு வாங்க வந்த இடத்திலும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை.

அதனால் தானே யோசித்தாள்.

கொட்டை எடுத்து நார் உரித்த புளியை அவள் புதுக்கூடையில் வைத்து, மேலே இலை போட்டு மூடி எடுத்து வருவாள். கொட்டைப்புளி சாக்கில் கிடக்கும். நல்ல சரக்கை யாராவது மட்டமான பெட்டியில் போடுவார்களா? நாற்பத்தேழு தங்க டப்பாவில்தான் இருக்கும். அதில் சந்தேகப்படுவதே பாவம் என்று நினைத்தாள்.

"இத்தையே குடு."

"வெல ஜாஸ்திம்மா. சாதாவே எடுத்துக்கோங்களேன்."

"ஏன், நாங்கல்லாம் இத்த வாங்கக் கூடாதா?"

முந்தானை முடிச்சு அவிழ்ந்தது. அன்றைக்குப் புளி விற்ற காசு அப்படியே போய், பஸ்ஸுக்கு மட்டும் மிஞ்சியது. எண்ணெயும் மிளகாயும் அடுத்த சந்தைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

டப்பாவை அங்கேயே திறந்தாள். ஐந்து கார்டுகளும் வெயிலில் தகதகத்தன. ஒருத்தி தொடை தட்டினாள். ஒருத்தி கோப்பையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். பச்சையம்மாவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். மூன்று, ஒன்பது, பதினொன்று, இரண்டு, ஆறு.

மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள். ஐந்துதான்.

பூவரசனுக்கே பாவமாகிவிட்டது. அவள் முகம் அப்படிச் சுண்டிப்போயிருந்தது. தூரத்தில் அவள் ஊர் பஸ் ஹாரன் அடித்தது. இனி மறைத்து ஆகப்போவது ஒன்றும் இல்லை.

"நாப்பத்தேழு" என்றாள், சத்தமே வராமல்.

"அட, மொதல்லயே சொல்லக் கூடாதா? டப்பாவுல வெறும் ஸ்டாருங்கதான் வருவாங்க."

மேசைக்கு அடியிலிருந்து ஒரு செருப்புப் பெட்டியை எடுத்தான். பிள்ளைகள் வேண்டாமென்று விட்டுப்போன சாதா கார்டுகள் அதில் குவிந்து கிடந்தன. கிளறி ஒன்றை உருவி நீட்டினான்.

"இந்தாங்க. இது பெஞ்சுல உக்காந்திருக்கிற பொண்ணும்மா. இன்னும் ஒரு ஆட்டத்துலகூட எறக்கல."

உட்காரட்டும் என்று நினைத்தாள் பச்சையம்மா. அந்த பெஞ்சை எங்கே போட்டிருக்கிறார்கள், இந்த மலையிலிருந்து அங்கே போய் உட்கார எத்தனை பஸ் மாற வேண்டும், இவனுக்கு என்ன தெரியும்?

கார்டில் மினுக்கு இல்லை. படத்தில் இருந்தவள் சிரிக்கவும் இல்லை. மோவாயில் ஒரு தழும்பு. அது எந்தப் புளியமரத்திலிருந்து விழுந்து வந்தது என்று பச்சையம்மாவுக்குத் தெரியும்.

காலையில் டவர் போகவில்லை என்பதும் இப்போது புரிந்தது. எந்தப் பெட்டி என்று சொல்ல வெட்கப்பட்டு போனை வைத்திருக்கிறாள், கழுதை.

முந்தானையால் கார்டின் தூசியைத் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். நெஞ்சு நிறைந்து போயிருந்தது.

"காசு வேணாம்மா. சும்மாவே எடுத்துட்டுப் போங்க."

சுருக்கென்று நிமிர்ந்தாள். "சும்மாவா? சும்மா வாங்கற பொருளா இது?"

ஐந்து தங்கக் கார்டுகளையும் அடுக்கி மேசை மேல் வைத்தாள். பூவரசன் பதறிப்போனான்.

"ஐயோ, இதுல ஒண்ணு குடுத்தாலே அம்பது சாதா கார்டு தருவாங்கம்மா! எடுத்துட்டுப் போங்க."

பஸ் மறுபடியும் ஹாரன் அடித்தது. பச்சையம்மா கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். கார்டு மட்டும் கையிலேயே இருந்தது, படம் வெளியே தெரியும்படி.

"வேணாம்பா" என்றாள். "அவுங்கள அவுங்கவுங்க அம்மா வந்து வாங்கிக்கட்டும்."